அம்மா இருக்கிற கூறு

திண்டுக்கல்லில் வக்கீலுக்கு வாடகை வீடு கிடைப்பது கஷ்டம். சொத்து வழக்கு நடத்துகிற வக்கீலுக்கு அதைவிடக் கஷ்டம். அந்த வக்கீல் கல்யாணம் ஆகாத பெண்ணாகவும் இருந்துவிட்டால், போன மாதம் வரை வாசலில் 'வாடகைக்கு' அட்டையைத் தொங்கவிட்டிருந்தவருக்கும் திடீரென்று வெளியூரிலிருந்து மகள் வருவாள்.

என் பெரியம்மா மகள் ஜோதிமணி அக்கா அப்படி ஏறி இறங்கிய வீடுகள் அநேகம். கடைசியாக இடம் கொடுத்தவர் பாஸ்கல், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவரும் உடனே கொடுத்துவிடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். வக்கீல உள்ள விட்டா, வெளிய அனுப்ப இன்னொரு வக்கீல வைக்கணும்னு என் மச்சான் சொல்றான்."

"உங்க மச்சான் எடத்த நான்தானே சார் மீட்டுக் குடுத்தேன்?"

"அதுனாலதான் மேடம் சொல்றான்."

பதினோரு மாத ஒப்பந்தம். அதை அக்காவே தட்டச்சு செய்தாள். தன்னை எந்த நாளில், என்ன காரணத்துக்காக, எவ்வளவு சுலபமாக வெளியேற்றலாம் என்று ஒவ்வொரு ஷரத்தாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். பாஸ்கல் படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு மேடம், எனக்கே இம்புட்டு தோணாது" என்றாராம். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் அவர் ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருப்பார். பிறகு வாடகையை ஏற்றிக் கையெழுத்துப் போடுவார். ஊரில் பாதிப் பேருக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தவள், ஆணி அடிக்கச் சுவர் இல்லாமல் இப்படியே ஐம்பதைத் தாண்டினாள்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அகரத்தில், தாடிக்கொம்புச் சாலையை ஒட்டி அவள் அப்பா வாங்கிப் போட்ட மனை. அதில் ஒரு வீடு. முன்னால் ஆபீஸ் அறை. கட்சிக்காரர்கள் வருவதற்குத் தனி வாசல். வெளிநாட்டில் இருக்கும் எனக்கு அந்த வரைபடத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "ஜன்னல் வடக்கால வச்சிருக்கேன், சரியாடா?" என்று கேட்பாள். அடுத்த மாதம் ஜன்னலைக் கிழக்கே மாற்றி மறுபடியும் அனுப்புவாள். குஜிலியம்பாறைப் பக்கம் எனக்கும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. பக்கத்து வேலி நகர்ந்திருக்குமோ என்று நான் பதறும் போதெல்லாம் ஆளை அனுப்பிப் பார்த்துச் சொல்பவளும் அவள்தான். அதனால் வடக்கு, கிழக்கு இரண்டுமே நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுவேன்.

அக்கா மதுரையில் சட்டம் படித்து முடித்து வந்தபோது, பெண் வக்கீலை சிவில் பக்கம் யாரும் சேர்க்கவில்லை. ஜீவனாம்ச கேஸ் பாரும்மா என்றார்கள். வேலுசாமி என்ற சீனியர் மட்டும் எடுத்துக்கொண்டார். பாகப்பிரிவினையும் கூட்டு வியாபாரமும்தான் அவர் நடத்திய வழக்குகள். எடுத்துக்கொண்ட காரணத்தையும் அவர் மறைக்கவில்லை. "பங்காளி சண்டையில பொம்பளைங்ககிட்ட கையெழுத்து வாங்கறதுதான்ப்பா பெரும்பாடு. ஆம்பள போயி கேட்டா கதவச் சாத்திருவாளுக. இந்தப் புள்ள போனா காப்பி குடுப்பாளுக."

உண்மைதான், காப்பி கொடுத்தார்கள். அக்கா சமையற்கட்டில் உட்கார்ந்து அக்கா தங்கைகளிடமும் விதவைகளிடமும் பேசிப் பேசிக் கையெழுத்து வாங்கி வந்தாள். இந்தத் தொழிலில் அவள் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான்.

இரண்டாவதாக அவள் கற்றது சின்னாளபட்டியில். சுங்குடிச் சேலை வியாபாரத்தில் சேர்ந்திருந்த இரண்டு பேர் முறைத்துக்கொண்டு, கடை ஷட்டருக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஒருவர் திறந்தால் மற்றவர் திறக்கமாட்டார். மழைக்காலம் வந்தது. உள்ளே சேலை மடிப்புகளில் பூஞ்சை ஏறியது. கூட்டு முறிவு வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா இருவரையும் ஆபீசில் உட்காரவைத்து, குடும்பங்களில் காலங்காலமாக இருக்கும் முறையைச் சொன்னாள். மூத்தவர் கூறு போடட்டும், இளையவர் முதலில் எடுக்கட்டும். எந்தக் கூறு தனக்கு மிஞ்சும் என்று தெரியாதபோது, கூறு போடுகிறவன் ஏமாற்ற முடியாது. அன்று சாயங்காலமே இரண்டு பூட்டும் திறந்தன.

அதிலிருந்து அதுவே அவள் வழி ஆயிற்று. கோர்ட்டுக்குப் போகாமல் பிரிப்பது. வழக்கத்தில் அவள் செய்த திருத்தம் ஒன்று உண்டு. ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எடுத்த இடத்தில் பெண் மக்களையும் உட்காரவைத்தாள். "கடைக்குட்டி பொம்பளப் புள்ளன்னா அவதான் மொதல்ல எடுப்பா. சம்மதம்னா பேசுவோம், இல்லாட்டி கேசு கட்டத் தூக்கிட்டு வேற எடம் பாருங்க" என்பாள். சிலர் திட்டிக்கொண்டே கட்டைத் தூக்கிப் போனார்கள். போனவர்களில் பலர் கோர்ட்டில் சலித்துத் திரும்பி வந்தார்கள்.

மூன்றாவது விஷயத்தை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கன்னிவாடிப் பக்கம் மாயாண்டி, பாண்டி என்று இரண்டு அண்ணன் தம்பிகள். நிலத்தில் தகராறு இல்லை. அம்மா யார் வீட்டில் இருப்பது என்பதில்தான் இழுபறி. இரண்டு மருமகள்களும் முடியாது என்றுவிட்டார்கள். பேச்சு மூன்று தடவை முறிந்தது. நாலாவது தடவை அக்கா மாயாண்டியிடம் சொன்னாள்: "அம்மாவையும் ஒரு கூறுல வைங்க. அந்தக் கூறுக்குத் தென்னந்தோப்பச் சேத்துருங்க. தட்டு சரியாகிரும்."

சரியாயிற்று. அம்மாவும் தோப்பும் ஒரு பக்கம், தோப்பில்லாத நிலம் ஒரு பக்கம். பாண்டி செத்த நேரம் யோசித்துவிட்டுத் தோப்பில்லாத நிலத்தை எடுத்துக்கொண்டான். கிழவி சுவரோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போகும்போது அக்காவிடம், "என்னைய எத்தன தென்னைக்குச் சமமா வச்ச தாயி?" என்று கேட்டதாம். அக்கா இதை அந்த நாளில் எங்களிடம் சிரிப்புக் கதையாகச் சொன்னாள். நாங்களும் சிரித்தோம்.

பத்திரத்தில் அது ஓர் எளிய ஷரத்து. 'ஆ' பட்டியல் சொத்தை அடைபவர் தாயாரை ஆயுள் பரியந்தம் பராமரிக்க வேண்டியது. அதன் கூடவே இன்னொரு வரியும் வரும்: தாயார் தமக்குரிய பாகத்தை மக்களுக்கு விடுதலை செய்துவிட்டார். கணவன் உயில் எழுதாமல் செத்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கு உண்டு. அந்த வரிக்கு அவசியம் வந்தது அதனால்தான். ஆனால் கூறு போடும் நாளில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதிவு அலுவலகத்தில் கிழவிகள் கைநாட்டு வைத்துவிட்டு, வெயிலுக்கு முன்னால் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். வேலைப்பளுவில் பதிவாளர்களும் தலையை மட்டும் ஆட்டச் சொல்வார்கள். நத்தத்திலிருந்து வேடசந்தூர் வரை இதே முறைதான். 'வக்கீலம்மா கூறு' என்றே இதற்குப் பெயர் விழுந்தது.

பெரியப்பா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்தார். உயில் இல்லை. மிஞ்சியவர்கள் மூன்று பேர்: பெரியம்மா முத்துப்பேச்சி, மூத்தவர் பழனிக்குமார் அண்ணன், அக்கா. அண்ணனுக்கு அகரத்திலேயே மல்லிகைத் தோட்டம். அப்பாவின் ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக மாடி வீடு கட்டியிருந்தார். அக்காவின் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காதபோதெல்லாம், பூ மார்க்கெட்டுக்கு வந்திருக்கும் அண்ணனைத்தான் கூப்பிடுவாள். எத்தனையோ குடும்பங்கள் கூறு எடுப்பதை அவர் மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்.

கருமாதி முடிந்து சில மாதங்களில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டார்கள். என்னைப் போல் வர முடியாதவர்களுக்கு வீடியோ கால். போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்குப் பாதி அண்ணனும், முழுசாக ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஜோதி சொல்லிக் குடுத்த முறைதான். நான் மூத்தவன், கூறு போட்டுட்டேன். அவ எடுக்கட்டும். ஒண்ணு, ரோட்டடி மனையும் கிணத்துக்காடும். இன்னொண்ணு, இந்த ஓட்டு வீடு, பின்னால இருக்க மாட்டுக் கொட்டம், கெழக்க கெடக்குற மானாவாரி. அந்தக் கூறுல அம்மா."

யாரோ "அட" என்றார்கள். எந்தச் சந்தையில் வைத்தாலும் முதல் கூறின் விலையில் கால்வாசிகூட இரண்டாவது தேறாது. வழக்கமாக அம்மா இருக்கிற கூறு கனமாக இருக்கும். அண்ணன் தலைகீழாகப் போட்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் பெற்ற அம்மாவை வேண்டாம் என்று மகள் சொல்லமாட்டாள் என்பது அவர் கணக்கு. சொல்லிவிட்டால் மனை அவர் கையை விட்டுப் போகும், ஆனால் அம்மா அவருக்குப் புதுச் சுமை இல்லை. பெரியம்மா ஏற்கெனவே அவர் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன கூறுண்ணே?" அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"ஏன், நீ போட்டா கூறு, நான் போட்டா இல்லையா? கன்னிவாடில நீ கெழவிய வைக்கல?"

"அங்க தோப்பும் சேத்து வச்சேன்."

"அது அவுக அம்மா. தோப்பு குடுத்தாத்தான் வச்சுப்பாக. நம்ம அம்மாவுக்குமா தோப்பு கேக்குற?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அண்ணி அம்பிகா, "எடுக்கச் சொல்லுங்க, உல கொதிக்குது" என்றாள். அக்கா எழுந்துபோய் வழக்குப் போட்டிருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு சட்டப்படியே அவளுக்கு வரும். ஆனால் கூடப் பிறந்தவர்களோடு கோர்ட்டுக்குப் போகாதே என்று ஊருக்கே சொல்லிப் பிழைத்தவள் அவள். அந்த மனையில் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று வருஷக்கணக்காக யோசித்தவளும் அவள்தான்.

"நான் மனைய எடுத்துக்கறேன்" என்றாள்.

அண்ணி, "பெத்த மகளே தள்ளிட்டா. நான் மருமக, சொமக்குறேன். என் தலையெழுத்து" என்று உள்ளே போனாள். பெரியம்மா அப்போது அங்கேதான் இருந்தார், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு. நறுக்கும் சத்தம் போன் வழியாக எனக்குக் கேட்டது. அது நிற்கவில்லை.

அன்று இரவு அக்காவே கூப்பிட்டாள். "எழுத்துல எந்தக் கூறுல இருந்தா என்னடா? அம்மா எப்பவும் அண்ணன் வீட்டுலதானே இருக்கா. வெறும் காயிதம்." காகிதம்தான் எல்லாம் என்று அவள் சொல்லித்தான் நான் கேட்டுப் பழகியிருந்தேன்.

பத்திரத்தை அவளே தயாரித்தாள். பதிவு அலுவலகத்தில் மூன்று பேரும் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பதிவாளர் புதிதாக வந்த இளம்பெண். முன்பிருந்தவர்களைப் போல் தலையை மட்டும் ஆட்டச் சொல்லவில்லை. பத்திரத்தைப் புரட்டி, பெரியம்மாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"பாட்டி, உங்க வீட்டுக்காரர் சொத்துல உங்களுக்கு வர்ற மூணுல ஒரு பங்க பிள்ளைங்களுக்கு விட்டுக் குடுக்குறீங்க. உங்க சம்மதத்தோடதானே?"

"எனக்குப் பங்கு இருக்கா?"

"இருக்கு பாட்டி. அதத்தான் விட்டுக் குடுக்குறீங்க."

கைரேகைக் கருவியின் மேல் வைத்த விரலை எடுக்காமலே பெரியம்மா திரும்பினார். "ஏத்தா ஜோதி, அம்புட்டுப் பேரு உக்காந்து பேசுனீகளே. இத ஒருத்தரும் சொல்லலியே."

"எல்லா அம்மாவும் எழுதிக் குடுக்கறதுதாம்மா. அதான் வழக்கம்."

"எல்லா அம்மாவுக்கும் தெரியுமா?"

அண்ணன், "வீட்டுல போயி பேசிக்கலாம், அழுத்தி வைம்மா வெரல" என்றார்.

"என்னையவே ஒரு கூறுல வச்சு, அவளுக்கா இவனுக்கான்னு தள்ளுனீக. நானே ஒரு பங்குக்காரியா?" பெரியம்மா விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வேணாந்தாயி. நான் இப்ப வைக்கல."

அலுவலகத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அதோடு நின்றது. அண்ணன் ரோட்டடி மனையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார். பிரிக்காத சொத்துக்கு வங்கியில் வீட்டுக்கடன் தரமாட்டோம் என்றார்கள். பெரியம்மா அண்ணன் வீட்டுச் சோற்றை நிறுத்திவிட்டு, ஓட்டு வீட்டில் தனியாக உலை வைத்தார். சேதி கோர்ட் வளாகத்துக்கு அக்காவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பத்திர எழுத்தர்கள் டீக்கடையில் நின்று, "பெத்த அம்மாகிட்டயே கையெழுத்து வாங்கத் தெரியல, நமக்கு வாங்கித் தருதாம்" என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழும்படிதான் பேசினார்கள்.

ஒரே ஒரு தடவை, ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், கூறு போடும் முன்பாகவே அந்த அம்மாளைத் தனியாக அழைத்து, உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் வெளியே வந்து மகன்களைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "ஏனுங்க மேடம், ஊட்டுக்குள்ள தீய வெக்கறீங்க?" என்று மூத்தவன் கட்டைத் தூக்கிக்கொண்டு போனான். முன்பு போனவர்களைப் போல் அவன் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த குடும்பத்தில் அக்கா பேசாமல் இருந்துவிட்டாள். பேசாமல் இருந்ததற்குத்தான் அன்று கட்டணம் வாங்கியதாக என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும்.

இதற்கு நடுவில் பாஸ்கலுக்கும் மகள் வந்தாள். நிஜமாகவே வந்தாள், பேரப்பிள்ளைகளோடு. ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. தான் எழுதிய ஷரத்துகளில் அக்காவே தப்பிக்க ஓட்டை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அகரம் போனாள். பெரியம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

"வா. வெஞ்சனம் ஒண்ணுமில்ல. தொவையல் இருக்கு, சாப்டு."

சாப்பிட்டுக்கொண்டே அக்கா ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்குள் பகை வேண்டாம், கடைசிவரை நாங்கள் பார்த்துக்கொள்வோம், உனக்கு இந்த வயதில் நிலம் எதற்கு, நிம்மதிதான் முக்கியம். சமையற்கட்டுகளில் காப்பி குடித்தபடி இத்தனை வருஷம் சொன்ன அதே பேச்சு, அதே வரிசை.

பெரியம்மா புளியை உடைத்தபடி முழுவதையும் கேட்டார். "எத்தன பேருகிட்ட இதச் சொல்லிருப்ப?"

"தெரியலம்மா."

"நல்லாச் சொல்ற. ஆரா இருந்தாலும் போட்ருவாக."

"அப்ப நீ போட வேண்டியதுதானே?"

"எனக்குத்தான் ஒன்னையத் தெரியுமே."

அடுத்த புளியை எடுத்துக்கொண்டே பெரியம்மா கேட்டார். "அந்த ரயில்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாராம்ல. இங்கன வந்து இரு. ரெண்டு ரூம்பு சும்மாதான கெடக்கு."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மா வீட்டுக்கு வா என்று அழைத்தது அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. பிரிக்காத சொத்தில் ஒரு பங்குதாரர் குடியேறுகிறார். மற்றவர் தடையாணை கேட்பார். வீடு யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற கேள்வி வரும். அண்ணன் நாளைக்கே ஆள் வைத்துப் பூட்டினாலும் பூட்டுவார். என்ன உரிமையில் உள்ளே வந்தாய் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை.

"வாரேம்மா. ஆனா ஒரு காயிதம் எழுதிக்குவோம். ஒன் சம்மதத்துலதான் நான் இங்க இருக்கேன், வேற பாத்தியம் கொண்டாடலன்னு. நாளைக்கு அண்ணன் ஏதும் கேட்டா வேணும்."

பெரியம்மா கையிலிருந்த புளியை வைத்துவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டயா?"

"ஒனக்கும் நல்லதும்மா."

"எழுது."

அக்கா இடது கையால் பையைத் திறந்து வெள்ளைத்தாளை எடுத்து, கையைக் கழுவாமல், எச்சில் படாமல் தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு இடது கையாலேயே கோணல் கோணலாக எழுதினாள். அவ்வளவு அவசரம். படித்துக் காட்டப் போனாள்.

"பதிவாபீசுல படிச்சுக் காட்டுனதே போதும்" என்று பெரியம்மா பேனாவை வாங்கினார். கைநாட்டு வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில், முத்துப்பேச்சி என்று நிறுத்தி நிறுத்தி எழுதி, புள்ளிகள் எல்லாம் வைத்தார். பத்திரத்துக்குக் கிடைக்காத கையெழுத்து அந்தத் தாளுக்குக் கேட்டதும் கிடைத்துவிட்டது.

"இந்தா. மகளா வந்திருந்தா நான் கழுவியிருப்பேன். இப்ப நீ காயிதம் போட்டுக் குடியிருக்க வந்தவ. தட்ட எடுத்துட்டுப் போயிக் கழுவிக் கவுத்து."

அக்கா எழுந்து தட்டோடு கொல்லைக் குழாய்க்குப் போனாள். தண்ணீர் சன்னமாக வந்தது. கழுவிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தாளில் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் உரிமையைச் சேர்க்காமல் விட்டது ஞாபகத்துக்கு வந்ததாம். உள்ளே போய் தாளில் அதையும் சேர்த்து, அம்மாவிடம் மறுபடி கையெழுத்துக் கேட்கலாமா என்று, குழாயை மூடிவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.